பிறர் முதலும் நமது அவசரமும்

பிறர் கொடுத்த முதலைக் கொண்டு வாணிபம் செய்வது ஆகுமா என்று கேட்டால், ஆகும் என்பதில் ஐயமில்லை. நம்மவரில் எத்தனையோ பேர் அப்படித்தான் கடை வைத்துத் தலையெடுத்தார்கள். ஆனால் அந்த முதலை எவ்வளவு வேகமாகச் செலவிடலாம் என்பது வேறு கேள்வி. கேமரன் மலைத் தேயிலையைக் கைபேசி வழியாக உலகெங்கும் விற்கப் போகிறோம், பங்கு சேருங்கள் என்று வாலிபர்கள் உறவினரிடம் வருகிற காலம் இது. கேட்பவர், கொடுப்பவர் இருவருமே இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இணைய வியாபாரம் புதிதாக முளைத்த நாளில் அமெரிக்காவில் வெப்வேன் என்றொரு கம்பெனி இருந்தது. மளிகைச் சாமான்களுக்கு இணையத்தில் ஆர்டர் வாங்கி, வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் தொழில். 1999 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் விற்பனை தொடங்கிற்று. அடுத்த மாதமே, முதல் கிடங்கு இலாபம் தருமா என்று தெரியுமுன், மேலும் 26 கிடங்குகள் கட்ட 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். நவம்பரில் பங்குகள் விற்று 37½ கோடி டாலர் திரட்டினார்கள். 2001 ஜூலையில் கதவைச் சாத்தினார்கள். சுமார் 2,000 பேருக்கு வேலை போயிற்று.

இவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. நஷ்டம் வருகிறது, இன்னும் வரும் என்று பங்கு வெளியீட்டுப் பத்திரத்தில் எழுதியே இருந்தார்கள். எழுதிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா என்பதுதான் சிக்கல்.

நஷ்டத்துக்கு அஞ்சினால் பெரிய காரியம் எதுவும் நடக்காதே என்று சிலர் வாதிப்பர். நியாயமான வாதந்தான். இந்த மலையையே பாருங்கள். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது உலகப் பெருமந்தம் வாசலில் நின்றது. காட்டை வெட்ட வேண்டும், பாதை போட வேண்டும், செங்குத்துச் சரிவில் கன்று நட வேண்டும். (அந்த மலைச் சரிவுகளில் நம் தமிழ்த் தொழிலாளர் சிந்திய வியர்வைக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கமில்லை.) நட்ட பிறகும் மூன்று நான்கு ஆண்டுகள் கொழுந்து கிடையாது. அப்போது கணக்கைப் புரட்டியவருக்குப் பற்று மட்டுமே தெரிந்திருக்கும், வரவு தெரிந்திராது.

ஆயினும் அந்த நஷ்டம் வேறு ஜாதி. போட்ட பணம் மண்ணுக்குள் வேராக இறங்கியது. தேயிலைச் செடி ஒருமுறை பிடித்துவிட்டால் பல பத்தாண்டுகள் பலன் தரும். கிடங்கும் செடி போன்றதுதானே என்று கேட்கலாம். அன்று உலகம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. இலைக்குச் சந்தை இருந்தது. மலைப்பயிர்களைச் சோதித்துப் பார்க்க அரசாங்கம் தானா ராத்தாவில் முன்னரே ஒரு பண்ணை வைத்திருந்தது. வெப்வேனுடைய கிடங்குக்கு வாடிக்கையாளர் வருவார் என்பதோ வெறும் ஊகம். கிடங்கு கொள்ளும் அளவுக்கு ஆர்டர் வரவேயில்லை. வண்டிச் செலவும் ஆள் கூலியும் கூடைக்குக் கூடை கையைக் கடித்தன.

பேரேட்டில் இரண்டு நஷ்டமும் ஒரே மாதிரிதான் தெரியும். எது வேர், எது ஓட்டை என்பது செலவிடுகிறவனுக்குத் தெரியும். முதல் கொடுத்தவருக்குத் தெரியாது. அமானிதம் என்ற பேச்சு இங்கேதான் வருகிறது. தன் பணத்தை ஒருவன் ஊகத்தில் இழந்தால் அது அவன் பாடு. மாமியார் நகையை விற்றுக் கொடுத்த பணத்தில், முதல் கடை தேறுமுன் பத்துக் கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பவனை அப்படி விட்டுவிட முடியாது என்பது என் அபிப்பிராயம்.

நெடுநாள் நஷ்டமே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 1994இல் பிறந்த அமேசான் 2001இன் கடைசிக் காலாண்டில்தான் முதன்முதலாக இலாபம் கண்டது. இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. 1996இல் ஸ்ரீதர் வேம்பு முதலியோர் தொடங்கிய அட்வென்ட்நெட், வெளியார் முதலீடு வாங்காமலே நடந்தது. 2001 வாக்கில் வாடிக்கைக் கம்பெனிகள் பல விழுந்தபோது, அவசரப்படுத்தப் பங்குதாரர் எவருமில்லாததால் பொறுமையாகச் சரக்கை மாற்றிக்கொண்டது. இன்று அது ஜோஹோ. தென்காசிப் பக்கமும் அலுவலகம் வைத்திருக்கிறது. கடையநல்லூர்க்காரர்களுக்கு அது அடுத்த ஊர்தானே!

நம் தேயிலை வாலிபருக்கு வருவோம். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறக்கி, அங்கிருந்து கடல் கடந்து அனுப்பும் ஒரு சிறு பொட்டலத்துக்குத் தபால் கூலி இலையின் விலையை மிஞ்சுமா, வாங்கியவர் மறுபடி கேட்பாரா என்பவையே முதலில் தெரிய வேண்டியவை. ஐம்பது பொட்டலம் அனுப்பினால் இரண்டும் ஓரளவு தெரிந்துவிடும். அதற்கு அவருடைய கைக்காசே போதும்.