ஒன்றுக்குக் குறைந்தால் போதுமா?

மஸ்ஜித் தானா பக்கம் பல வீடுகளில் மின்னியல் தொழிற்சாலைக்குப் போகும் ஓர் அண்ணனோ அக்காவோ இருப்பாங்க. 1973-இல் பத்து பெரண்டாமில் சீமென்ஸ் தொடங்கிய ஆலைதான் இன்றைய இன்ஃபினியன். பால்மரக் காட்டை விட்டு வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட ஆலைகள்தான் சோறு போட்டன. பொறியியல் படிக்கும் நானும் நாளைக்கு அங்கேதான் வேலை தேடுவேன். அதனாலேயே ஒரு கேள்வி கேட்கணும்னு தோணுது.

சிலிக்கான் தகட்டில் நுண்ணிய கோடுகளைச் செதுக்க ஃப்ளோரின் கலந்த வாயுக்கள் தேவை. அதில் ஒன்று கார்பன் டெட்ராஃப்ளோரைடு. 100 ஆண்டுக் கணக்கில், இது ஒரு கிலோ வெளியேறினால் சுமார் 7,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். காற்றில் சுமார் 50,000 ஆண்டுகள் தங்கும். மலாக்காவில் பெரும்பாலும் சிப்பைப் பொருத்திச் சோதிக்கும் வேலைதான். செதுக்கும் வேலை கூலிம் போன்ற இடங்களில் நடக்குது. ஆனா சங்கிலி ஒன்றுதான்.

இந்தத் துறை சும்மா இருக்கவில்லை. உலக செமிகண்டக்டர் மன்றம் இவ்வகை வாயுக்களின் வெளியேற்றத்தை 2010-க்குள் 1995 அளவிலிருந்து 10 விழுக்காடு குறைப்பதாக 1999-இல் உறுதி தந்தது. 32 விழுக்காடு குறைத்துக் காட்டியது. பாராட்டணும். ஆனால் 2020-க்கான இலக்கில் அளவுகோல் மாறியது: ஒரு சதுர சென்டிமீட்டர் தகட்டுக்கு 30 விழுக்காடு குறைவு.

கணக்குப் போட்டுப் பாருங்க. சதுர சென்டிமீட்டருக்கு 30 விழுக்காடு குறைந்து, உற்பத்தி இரண்டு மடங்கானால், மொத்தம் 40 விழுக்காடு கூடும். சிகரெட்டில் புகையிலையைக் குறைத்துவிட்டு, ஒரு பெட்டியை இரண்டாக்கினால் நுரையீரல் ஒத்துக்குமா?

"சூரிய மின்சாரத்துக்கும் மின்கார்களுக்கும் சிப் வேணுமே" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆண்டுக்கொரு புதுக் கைப்பேசிக்கும் அதே நியாயம் பொருந்துமா? ஒன்றுக்கான கணக்கு திறமையைக் காட்டும். பாதிப்பைக் காட்டுவது மொத்தக் கணக்கு.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்போம். இங்கே அறுக்கப் போறவங்க இன்னும் பிறக்கவே இல்லை. அவர்களால் வந்து நம்மைக் கேட்க முடியாது. பொறுப்பு எல்லாருக்கும் சமமும் இல்லை. பொருத்தும் வரிசையில் நிற்கும் அக்கா எந்த வாயுவையும் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்ந்தெடுப்பவர்கள் நிர்வாகமும் பொறியியலாளர்களும். கொஞ்சம், வாங்கும் நாமும்.

கைப்பேசியால் வரும் வெளியேற்றத்தில் பெரும்பங்கு அதைச் செய்யும்போதே முடிந்துவிடுகிறது. கையில் உள்ளதை இன்னும் ஓராண்டு வச்சுக்கலாம். நாளை ஆலைக்குள் பொறியியலாளராக நுழைந்தால், இரண்டு எண்ணையும் கேட்போம்: ஒன்றுக்கு எவ்வளவு? மொத்தம் எவ்வளவு?