அசலுக்கு நாலாயிரம்

நெய்வேலி நகரியத்தில் குடியிருப்பவருக்குச் சொந்த வீடு என்பது அறுபது வயதோடு ஒட்டிய கவலை. வேலை இருக்கும்வரை குவார்ட்டர்ஸ் உண்டு, அதைச் சுற்றி மரங்களும் உண்டு. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டியதுதான். வடலூர், குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் என்று சுற்றுவட்டாரத்தில் சுரங்க ஊழியர்கள் கட்டிய வீடுகள் பெருகியது இதனால்தான். வெள்ளாற்று அணைக்கட்டும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உள்ள சேத்தியாத்தோப்பிலும் அப்படி மனை வாங்கிக் கட்டியவர்கள் உண்டு. பிள்ளைகளின் படிப்புச் செலவு கொஞ்சம் மூச்சுவிடும் வயதில், நாற்பதைத் தாண்டித்தான் பலரும் கடனுக்குப் போகிறார்கள். நாற்பத்திரண்டில் இருபது வருடக் கடன் வாங்கினால் அறுபத்திரண்டில் முடியும். சம்பளமோ அறுபதில் நிற்கும். தவணைக்கு மேல் கொஞ்சம் கட்டிப் பார்த்தால் என்ன என்ற எண்ணத்தை முதலில் கிளப்புவது இந்த இரண்டு வருட ஓட்டைதான்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. 25 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை 21,696 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 17,708 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 3,988. ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவர் 13 லட்சத்துக்கு மேல் கொடுத்திருப்பார். கடன் குறைந்திருப்பதோ மூன்று லட்சத்துக்கும் கொஞ்சம் கீழே.

பணம் எங்கே போனது என்று திகைப்பவருக்கு நெய்வேலிச் சுரங்கத்தைக் காட்டலாம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலிருந்து ஊற்று நீர் பெரும் அழுத்தத்தோடு மேலே முட்டுகிறது. 1950களில் சுரங்கம் தொடங்கியபோது பொறியாளர்களை மலைக்க வைத்தது அதுதான். இன்றும் அந்த நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை நிற்கும். இறைப்பதால் ஒரு கூடை கரிகூட மேலே வராது. இறைக்காவிட்டால் வெட்டவே முடியாது. அந்த 17,708 ரூபாயின் வேலையும் அதுதான். கடன் இருந்த இடத்திலேயே இருப்பதற்காக மட்டும் கொடுக்கிற பணம்.

இனி மேற்பணத்துக்கு வருவோம். இரண்டாவது மாதத் தவணையில் அசலுக்குப் போக வேண்டியது 4,016 ரூபாய். முதல் மாதமே அந்தத் தொகையைக் கூடுதலாகக் கட்டிவிட்டால், கடன் இரண்டு மாதம் ஓடியதாக ஆகிவிடும். இருபதாம் வருடக் கோடியில் ஒரு முழுத் தவணை, 21,696 ரூபாய், கழன்று விழும். அதே நாலாயிரத்தைக் கடைசி இரண்டு வருடத்தில் கொண்டுபோய்க் கட்டினால் ஒரு மாதத்தில் கால்வாசிகூடக் குறையாது. பணத்தின் அளவு ஒன்றுதான். கட்டுகிற நேரம்தான் வேறு.

மாதாமாதம் அந்த நாலாயிரத்தை விடாமல் கட்டினால் கடன் பதினான்கு வருடத்துக்குள், 166ஆவது மாதத்தில் முடியும். வட்டியில் மிச்சம் ஒன்பதரை லட்சம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. மேற்பணமே கட்டாதவருக்கு அதே 166ஆவது மாதத்தில்தான் அசலில் பாதி தீர்ந்திருக்கும். இது தற்செயல் இல்லை. முதல் மாத அசல் எவ்வளவோ அவ்வளவையும் மாதாமாதம் சேர்த்துக் கட்டினால், அடைபடும் அசல் எப்போதும் இருமடங்காகவே ஓடும். மற்றவர் பாதி வழி வரும் நாளில் இவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

எல்லோருக்கும் மாதம் நாலாயிரம் மிஞ்சாது. போனஸ், அகவிலைப்படி நிலுவை, விடுப்பைச் சரண் செய்த பணம் என்று வரும்போது மொத்தமாகக் கட்டுகிறவர்களே அதிகம். அப்போது வங்கியில் ஒரு கேள்வி வரும்: "டியூவக் கொறைக்கவா சார், வருஷத்தக் கொறைக்கவா?" தவணையைக் குறைத்தால் அந்த மாதமே கை கொஞ்சம் தாராளமாகும். வருடத்தைக் குறைத்தால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. பெரிய லாபம் இரண்டாவதில்தான்.

யாரும் கேட்காமலே வருடம் நீள்வதும் உண்டு. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4லிருந்து 6.5 சதவீதமாக்கியது. 7 சதவீதத்தில் எடுத்த இருபது வருடக் கடன், இரண்டு வருடம் கட்டிய நிலையில் 9.5 ஆனதாக வைத்துக்கொள்வோம். தவணையை ஏற்றாமல் விட்டால் மீதி பதினெட்டு வருடம் முப்பத்தேழு வருடமாகிவிடும்! கடன் வாங்கியவரின் விருப்பத்தைக் கேட்டுத்தான் தவணையையோ காலத்தையோ மாற்ற வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்த வேண்டி வந்தது. மாறும் வட்டியிலுள்ள வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது என்பது 2012லிருந்தே வங்கிகளுக்கு விதி. ஆனாலும் அபராதம் போடுவார்களோ என்று பயந்து கட்டாமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த நாலாயிரத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் அதிகம் வருமே என்பார்கள். வரலாம். நகைக்கடன் பாக்கியிருந்தால் அதை முதலில் அடைப்பதும், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் ஒதுக்கி வைப்பதும் புத்திசாலித்தனம். ஆனால் இருபது வருடம் சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தும் கை வைக்காமல் இருப்பவர் எத்தனை பேர்? சேமிப்பு வேண்டும்போது எடுக்க வரும். அசலில் போட்ட பணம் அவ்வளவு சுலபமாகத் திரும்பி வராது. அதுதான் அதன் பலம் என்று நினைக்கிறேன்.

கடைசித் தவணை முடிந்தால் முப்பது நாளுக்குள் பத்திரம் கைக்கு வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு. 2023 டிசம்பர் 1 முதல் இந்த விதி. அடமானம் தீர்ந்ததற்கான ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டால், வீடு முழுக்க நம்முடையது.

முழுக்க நம்முடையதா? சேத்தியாத்தோப்பில் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 2023 ஏப்ரலில் மத்திய அரசின் சுரங்க ஏலப் பட்டியலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு என்ற பெயர் இருந்தது. தமிழ்நாடு எதிர்த்தது, சில நாளில் பெயர் நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பக்கத்து வளையமாதேவியில் கதிர் வரும் நெல்லுக்குள் சுரங்க நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கின. பல வருடம் முன்பே கையகப்படுத்தப்பட்ட நிலம்; அனுபோகம் மட்டும் விவசாயிகளிடம் இருந்தது. கடன் வாங்கி வீடு கட்டியவர் நிலையும் ஒருவகையில் அதுதான்: அனுபோகம் இவரிடம், பத்திரம் வேறு ஓரிடத்தில். பத்திரம் திரும்பி வந்தாலும், பொது நோக்கம் என்று அரசு கேட்டால் மண்ணைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் மாதாமாதம் நாலாயிரம் கட்டியவர் மீட்டது எதை? மண்ணை இல்லை. வட்டிக்காகவே உழைத்துத் தீர்த்திருக்க வேண்டிய தன் வருடங்களை. அவற்றை எந்த ஏலப் பட்டியலிலும் சேர்க்க முடியாது. அடமானத்திலுள்ள சொத்தைக் கையகப்படுத்தினால் இழப்பீட்டிலிருந்து முதலில் கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம். அந்த 166ஆவது மாதத்தில் மண் போகிறது என்றால், தவணை மட்டும் கட்டியவருக்குப் பாதி அசலைக் கழித்துக்கொண்டு மீதிதான் வரும். மேற்பணம் கட்டியவர் முழுத் தொகையோடு அடுத்த மனையைத் தேடிப் போவார். அப்போது வயது ஐம்பத்தாறு, சம்பளம் இன்னும் நாலு வருடம் வரும்.