பிரம்மாவே ஃபெயில் ஆன தேர்வு

ஓம் சரவணபவ!

இந்த வாரச் சிந்தனைக்கு எடுத்துக்கிட்டது கொஞ்சம் வித்தியாசமான விஷயம். அமெரிக்காவுல விமானம் ஓட்டுற பைலட்டுகளோட ஒரு கஷ்டம். "முருகன் பேஜ்ல பைலட் கதை எதுக்கு?"ன்னு கேட்கலாம். கொஞ்சம் பொறுமையா படிங்க. கந்தபுராணத்துல ஒரு இடம் இதைத்தான் பேசுது.

பயணிகள் விமானத்தின் முன்னால் ரெண்டு சீட். இடது பக்கம் கேப்டன், தோள்ல நாலு கோடு. வலது பக்கம் ஃபர்ஸ்ட் ஆபீசர், மூணு கோடு. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. ஆனா கடைசி முடிவும் முழுப் பொறுப்பும் இடது சீட்டுக்குத்தான்.

அமெரிக்காவுல ஏர்லைன்ல சேரவே பொதுவா 1,500 மணி நேரம் பறந்திருக்கணும். கேப்டன் ஆகணும்னா, அதுக்கு மேல ஏர்லைன்லயே 1,000 மணி நேரம் அனுபவம் வேணும். அப்புறம்தான் 'அப்கிரேட் டிரெயினிங்'. கிளாஸ் நடக்கும், வாய்மொழித் தேர்வு நடக்கும், சிமுலேட்டர்ல சோதனை நடக்கும். கடைசியில் நிஜப் பயணிகளோட பறக்கும்போது பக்கத்துல ஒரு செக் கேப்டன் உட்கார்ந்து பார்ப்பார்.

ஏற்கெனவே ஓட்டத் தெரிஞ்சவர்தானே, இதுல என்ன கஷ்டம்? முதல்ல கை மாறுது. வலது சீட்ல இத்தனை வருஷம் இடது கை இன்ஜின் லீவர்ல இருந்தது. இப்ப அந்த வேலை வலது கைக்கு. சின்ன ஜெட்கள் பலவற்றில், தரையில் விமானத்தைத் திருப்புற கைப்பிடி கேப்டன் பக்கம் மட்டும்தான் இருக்கும். அதைப் புதுசா பழகணும். டேக்-ஆஃப்ல 'வி ஒன்'னு ஒரு வேகம் உண்டு. அதைத் தாண்டின பிறகு ஒரு இன்ஜின் நின்னு போனாலும் விமானத்தை மேலே எடுத்துத்தான் ஆகணும். சிமுலேட்டர்ல அந்த இன்ஜினை வேணும்னே நிறுத்திப் பார்ப்பாங்க.

ஆனா கையை விட மனசு மாறுறதுதான் கஷ்டம். இறங்க வேண்டிய ஊர்ல பனி கொட்டுது, எரிபொருள் குறையுது, பின்னாடி ஒரு பயணிக்கு நெஞ்சு வலி. இதுவரைக்கும் "கேப்டன், என்ன பண்ணலாம்?"னு கேட்டவர், இப்ப அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும். நல்லா ஓட்டுறவங்களும் இந்த இடத்துல தடுமாறுவாங்க.

தேறலைன்னா கூடுதல் பயிற்சி கொடுப்பாங்க. அப்பவும் முடியலைன்னா, கம்பெனியையும் யூனியன் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. சில இடத்துல பழைய வலது சீட் கிடைக்கும். சில இடத்துல வேலையே போயிடும். கேப்டன் பற்றாக்குறை வந்தப்ப, மணி நேரம் சேர்ந்ததும் கேப்டன் ஆகியே தீரணும்னு சில ரீஜனல் கம்பெனிகள் விதி போட்டன. "எனக்கு இன்னும் ஒரு வருஷம் வேணும்"னு நினைக்கிறவரும் தேர்வுக்குப் போக வேண்டிய நிலை.

வேலை போனா சும்மா இல்லை. ஏர்லைன்ல எல்லாமே சீனியாரிட்டி லிஸ்ட். வேற கம்பெனிக்குப் போனா கடைசிப் பெயரா நிக்கணும். சம்பளம், லீவு, எந்த ஊர்ல வேலை, எல்லாம் கீழே இருந்து தொடங்கும். விமானப் பயிற்சிக்கு வாங்கின கடன் அங்கே ஒரு லட்சம் டாலரைத் தொடும், அது நிக்காது. தேர்வுல தவறின விவரம் எஃப்.ஏ.ஏ.-வோட பைலட் பதிவேட்டிலும் ஏறும். அது ஆயுள் முழுக்க இருக்கும்.

இப்ப கந்தபுராணத்துக்கு வருவோம்.

கயிலைக்கு சிவபெருமானை வணங்க பிரம்மா வர்றார். வாசல்ல குழந்தை முருகன் உட்கார்ந்திருக்கான். பிரம்மாவுக்கு உள்ளுக்குள்ள ஒரு கர்வம். சின்னப் பிள்ளைதானேன்னு நினைச்சுட்டார். முருகன் கூப்பிட்டு, "நீ என்ன வேலை செய்யறே?"ன்னு கேட்டான். "படைப்புத் தொழில்" என்றார். "வேதம் தெரியுமா? சொல்லு." பிரம்மா "ஓம்" என்று தொடங்கினார். முருகன் அங்கேயே நிறுத்தினான். "முதல்ல சொன்னியே, அதுக்கு அர்த்தம் என்ன?"

பிரம்மாவுக்குப் பதில் இல்லை.

கவனிங்க, பிரம்மா வேலை தெரியாதவர் இல்லை. எத்தனையோ யுகமா படைக்கிறவர். வேதம் முழுக்க மனப்பாடம். ஆனா தினமும் வாயால் சொன்ன முதல் சொல்லுக்கே பொருள் கேட்டப்ப நின்னு போனார். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர் இடது சீட்ல உட்கார்ந்து, "இது ஏன்? இப்ப என்ன?"ங்கிற கேள்விக்கு முன்னாடி நிக்கிறாரே, அதே நிலைமைதான்.

முருகன் அவர் தலையில் குட்டி, சிறையில் வைத்தான். படைப்புத் தொழிலைத் தானே எடுத்துக்கிட்டான். சிவபெருமான் நந்தியை அனுப்பி விடச் சொன்னார். முருகன் கேட்கலை. கடைசியில் சிவபெருமானே நேரில் வந்தார். அப்புறம்தான் பிரம்மா வெளியே வந்தார். தகப்பனுக்கு முருகன் காதில் பிரணவப் பொருள் சொன்ன கதை நமக்கெல்லாம் தெரியும். சுவாமிமலையில் அவன் சுவாமிநாதனா நிக்கிறது அதுக்காகத்தான்.

இதுல மூணு விஷயம் பார்க்கலாம்.

ஒன்று, முருகன் தேர்வைத் தளர்த்தலை. பெரிய இடத்துல இருந்து சிபாரிசு வந்தும் தளர்த்தலை. ஏன்? படைப்பு பிரம்மாவோட சொந்த விஷயம் இல்லை. எல்லா உயிரும் அவர் கையில் இருக்கு. கேப்டன் சீட்டும் அப்படித்தான். பின்னாடி உட்கார்ந்திருக்கிற 70 பேரும் 180 பேரும் அவர் மார்க் ஷீட்டைப் பார்த்து டிக்கெட் வாங்கலை. நம்பி வாங்கினாங்க. "பாவம், குடும்பஸ்தன், பாஸ் போட்டுடலாம்"னு அங்கே கருணை காட்ட முடியாது.

ரெண்டு, முருகன் குட்டினது பிரம்மாவோட 'நான்' என்ற நினைப்பை. ஆளை அழிக்கலை. வெளியே வந்த பிரம்மா சிவபெருமானிடம் சொன்னதோட சாரம் இதுதான்: உங்கள் மகன் எனக்குச் செய்தது தண்டனை இல்லை, அறிவு தந்து, என் அகந்தையைப் போக்கி, என்னைத் தூய்மையாக்கினார். அதுக்கப்புறம் அவர் மறுபடி அதே படைப்புத் தொழிலுக்குப் போனார். கடவுள் வைக்கிற தேர்வுல 'தேறலை' என்பதும் 'தேவையில்லை' என்பதும் ஒண்ணு இல்லை.

மூணாவது, பிரம்மா "எனக்குத் தெரியும்"னு சமாளிக்கலை. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டலை. இது எவ்வளவு முக்கியம்னு ஒரு சோக நிகழ்ச்சி சொல்லும்.

2019 பிப்ரவரி 23. மயாமியில் இருந்து ஹூஸ்டன் போன அட்லஸ் ஏர் 3591 சரக்கு விமானம், போயிங் 767, டெக்சஸ்ல ட்ரினிட்டி விரிகுடாவுல விழுந்தது. உள்ளே இருந்த 3 பேரும் இறந்துட்டாங்க. இறங்கிக்கிட்டு இருந்தப்ப, மேலே ஏறுறதுக்கான மோட் தெரியாமல் இயங்கிடுச்சு. ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு திசை உணர்வு குழம்பி, மூக்கைக் கீழே அழுத்திட்டார். கேப்டனும் உடனே கவனிச்சுத் திருத்தலை. விசாரணையில் இன்னொண்ணும் வெளியே வந்தது. அந்த ஃபர்ஸ்ட் ஆபீசர் முன்னாடி வேலை பார்த்த இடங்களில் பல பயிற்சிகளில் தவறியிருந்தார். ஒரு ரீஜனல் கம்பெனியில் கேப்டன் அப்கிரேடிலும் தேறலை. வேலை விண்ணப்பங்களில் தன் பழைய வரலாற்றை முழுசா சொல்லாம மறைச்சிருந்தார். பதிவேட்டை எஃப்.ஏ.ஏ. நேரத்துக்கு நடைமுறைப்படுத்தாததும் ஒரு காரணம்னு விசாரணைக் குழு சொன்னது. அதற்கான இறுதி விதி 2021-ல் வந்தது.

இறந்தவரைக் குறை சொல்ல இதைச் சொல்லலை. அவர் மேல எவ்வளவு பயமும் வெட்கமும் ஏறியிருந்தா அப்படி மறைச்சிருப்பார்னு யோசிங்க. தோல்வியை வெளியே சொன்னா வாழ்க்கையே போச்சுங்கிற சூழ்நிலை இருந்தா மனுஷன் மறைக்கத்தான் பார்ப்பான். மறைச்ச தோல்வி திருந்தாது, உள்ளேயே இருக்கும். அதனால தேர்வு கண்டிப்பா இருக்கணும். ஆனா தேறாதவர் உண்மையைச் சொல்லிட்டு நிக்கவும், பழைய சீட்டுக்குக் கௌரவமா திரும்பவும் ஒரு வழி இருக்கணும். முருகன் பிரம்மாவுக்கு ரெண்டையும் செஞ்சான்.

எல்லாருக்கும் அதே சீட் திரும்பக் கிடைக்குமான்னு கேட்டா, கிடைக்காது. பொய்யா ஆறுதல் சொல்ல வேண்டாம். சிலர் வலது சீட்லயே நல்லபடியா ஓய்வு பெறுவாங்க. சிலர் வேற கம்பெனியில் கடைசிப் பெயரா ஆரம்பிப்பாங்க. சிலர் மாணவர்களுக்குப் பறக்கச் சொல்லிக் கொடுப்பாங்க. ஆனா வெட்கம்னு ஒரு சிறை இருக்கே, அதுல இருந்து விடுதலை எல்லாருக்கும் உண்டு.

நம்ம வாசகர்கள்ல பாதிப் பேர் ஐடி-யில் இருப்பீங்க. பெர்ஃபார்மன்ஸ் ரிவ்யூ, ப்ரமோஷன் இன்டர்வ்யூ, ப்ரொபேஷன்னு நமக்கும் இடது சீட் தேர்வுகள் உண்டு. போட்டித் தேர்வு எழுதுறவங்களும் இருப்பீங்க. இந்தச் சஷ்டிக்கு விளக்கேத்தும்போது "முருகா, என்னை எப்படியாவது பாஸ் பண்ண வை"ன்னு மட்டும் கேட்காதீங்க. "முருகா, நான் தினமும் செய்யற வேலையோட பொருளை எனக்குப் புரிய வை. புரியாததைப் புரியலைன்னு சொல்லுற தைரியம் கொடு"ன்னு கேளுங்க. வேல் ஞானத்தின் வடிவம். அது முதல்ல நம்ம 'நான்'ல தான் படணும்.

இன்னொரு விஷயம். பிரம்மா சிறையில் இருந்தப்ப சிவபெருமானே அவருக்காக நடந்து வந்தார். "அவனுக்குப் பதில் தெரியும்"னு பொய் சாட்சி சொல்லலை, "அவனை விடு"ன்னு மட்டும் கேட்டார். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது வேலை போய், தேர்வுல தவறி, போனைக்கூட எடுக்காம அறைக்குள்ள இருந்தா, இன்னிக்கு அவங்க வீட்டுக்குப் போங்க. அறிவுரை வேண்டாம். "ஏன் ஃபெயில் ஆச்சு?"ன்னு விசாரணையும் வேண்டாம். கூடவே கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் முருகன் முன்னாடி அஞ்சு நிமிஷம் பக்கத்துல உட்காருங்க.

இந்தப் பதிவை அப்படிப்பட்ட ஒருத்தருக்காவது அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!