இடைகழியில் இடம் உண்டு

வெளியூர் போய்ப் பட்ட பாட்டைச் சொன்னால், எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "சாமி சோதிக்கிறாரு. கஷ்டப்பட்டுப் போனாத்தான் தரிசனத்துக்குப் பலன்." நான் அத்தை என்று கூப்பிடும் என் மாமியார் இதை முழுமனதாக நம்புகிறவர். என் வீட்டுக்காரர் நேர் எதிர். சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். "காசு வாங்கினவன் சொன்னதைக் குடுக்கணும். இதுல சாமிக்கு என்ன வேலை?" என்பார். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நான் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போய், வழியில் பஸ் நின்று, சொன்ன அறை கிடைக்காமல், கிடைத்த அறையில் தண்ணீர் வராமல் அல்லாடும் நேரத்தில் கடவுள் யார் பக்கம் இருக்கிறார்? திருமழிசையில் வாழ்க்கைப்பட்டவள் நான். இந்த ஊரில் பிறந்த ஆழ்வாரிடம்தான் அதற்குப் பதில் தேடினேன்.

எங்கள் ஊருக்கும் கும்பகோணத்துக்கும் விட்டுப்போகாத உறவு உண்டு. ஜகந்நாதப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் இந்த ஊரில் தை மகத்தில் அவதரித்த ஆழ்வார், கடைசிக் காலத்தைக் கழித்துப் பரமபதம் அடைந்தது குடந்தையில். அதனால் எங்கள் வீட்டில் விடுமுறைக்கு ஊர் சுற்றுவது என்றால் முதலில் வரும் பெயர் கும்பகோணம்தான். கோயில் பார்க்கலாம், பிள்ளைகளுக்குக் கடைத்தெரு காட்டலாம், அத்தைக்கும் ஆசை தீரும்.

முன்பு கோயம்பேட்டில் ஏறி உட்கார்ந்தால் போதும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு, தெற்கே போகிற பஸ்ஸுக்கு அங்கே போக வேண்டும். நாங்கள் பூந்தமல்லிக்கு ஒரு பஸ், தாம்பரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று என்று மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள்ளேயே அத்தைக்கு முட்டி வீங்கிவிட்டது. பண்ருட்டி தாண்டி வண்டி நின்றது. பின்னால் வந்த பஸ்களில் இரண்டு பேர், மூன்று பேர் என்று ஏற்றி அனுப்பினார்கள். நாங்கள் ஐந்து பேர். பிரிந்து போக மனமில்லாமல், எல்லோரும் சேர்ந்து ஏற ஒரு பஸ் வரும்வரை ரோட்டோரம் நின்றோம். சாயங்காலம் போய்ச் சேர வேண்டியவர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கும்பகோணத்தில் இறங்கினோம்.

மறுநாள் முகூர்த்த நாள். முன்பணம் அனுப்பி, கீழ்த்தளத்தில் இரண்டு அறை சொல்லி வைத்திருந்தோம். லாட்ஜில் அந்த அறைகளைக் கல்யாண வீட்டாருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். "லேட்டா வந்தீங்க, நாங்க என்ன பண்றது?" என்றார் வரவேற்பில் இருந்தவர். மூன்றாவது மாடியில் ஒரே அறை இருந்தது. லிஃப்ட் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். குழாயில் காற்றுதான் வந்தது. அத்தை ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து மேலே வந்தார். உள்ளே வந்ததும் வீட்டுக்காரருக்கும் எனக்கும் வார்த்தை தடித்தது. சின்னவன் பசியில் அழுதான்.

அப்போது ஏழாவது படிக்கும் என் மகள், பையிலிருந்து தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு அத்தையின் காலடியில் உட்கார்ந்தாள். "ஆயா, ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டு, முட்டியில் எண்ணெய் தேய்த்தாள். அதுவரை வாய் திறக்காமல் இருந்த அத்தைக்குக் கண் கலங்கியது. வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு, இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு தண்ணீருக்காகக் கீழே இறங்கினார். அறையில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அந்த அறையில் எங்களால் இருக்க முடிந்தது.

மறுநாள் காலை சாரங்கபாணி சந்நிதி. யானையும் குதிரையும் பூட்டிய தேர் வடிவில் அமைந்த கருவறை அது. பெருமாள் வைகுண்டத்திலிருந்து அந்தத் தேரில்தான் இங்கு வந்து இறங்கினார் என்பது தலபுராணம். தூரத்திலிருந்து பயணம் வந்தவர், அதே தேரில் படுத்திருக்கிறார். திருமழிசையாழ்வார் அவர் எதிரே வந்து நின்று பாடியது திருச்சந்த விருத்தத்தில் இருக்கிறது. 120 பாட்டுக் கொண்ட அந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். படுத்திருப்பவரைப் பார்த்த ஆழ்வார் வரம் கேட்கவில்லை. இத்தனை தூரம் வந்தேனே என்று தன் களைப்பையும் சொல்லவில்லை. அவர் கவலை முழுவதும் எதிரில் இருப்பவரின் காலைப் பற்றி. நடந்த களைப்பா, அலைந்த அசதியா, ஏன் இப்படிக் கிடக்கிறாய் என்று உருகிக் கேட்டு, எழுந்து பேசச் சொல்கிறார். அந்தக் குரலுக்குப் பெருமாளால் படுத்திருக்க முடியவில்லை, தலையைத் தூக்கி எழ முற்பட்டார் என்கிறார்கள். எழப்போகும் அந்த நிலையிலேயே இன்றும் சேவை சாதிக்கிறார். உத்தான சாயி என்று அந்தக் கோலத்துக்குப் பெயர்.

முந்தின ராத்திரி மூன்றாவது மாடி அறையில் என் மகள் கேட்டதும் அதே கேள்விதான். அவளுக்குத் திருச்சந்த விருத்தம் தெரியாது. ஆனாலும் பக்தியின் முதல் பாடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. களைத்துப்போன ஒருவர் இன்னொருவரின் களைப்பை விசாரிப்பதுதான் அந்தப் பாடம். கடவுளையே எழுப்பி உட்காரவைக்கக்கூடிய கேள்வி அது என்றால், ஒரு குடும்பத்தை எழுப்பாதா?

அத்தையின் பேச்சுக்கு வருகிறேன். கஷ்டத்துக்குள்ளேயே புண்ணியம் இருக்கிறதா? வைணவ மரபில் தங்குமிடத்தைப் பற்றிய மிகப் பெரிய கதை திருக்கோவலூர் இடைகழிக் கதை. ராத்திரி நேரம், கொட்டும் மழை. காஞ்சியிலிருந்து வந்த பொய்கையாழ்வார் ஒரு வீட்டு இடைகழியில், வாசலை ஒட்டிய ஒடுக்கமான நடையில், ஒதுங்கிப் படுக்கிறார். கடல்மல்லையிலிருந்து வந்த பூதத்தாழ்வார் கதவைத் தட்டுகிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து உட்கார்ந்து அவரை உள்ளே அழைக்கிறார் பொய்கையார். அடுத்து மயிலையிலிருந்து பேயாழ்வார் வருகிறார். இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று இரண்டு பேரும் எழுந்து நிற்கிறார்கள். அதன் பிறகுதான் நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்குவதை மூவரும் உணர்கிறார்கள். யார் என்று பார்க்க ஏற்றிய விளக்குகளும் அந்த வெளிச்சத்தில் கண்ட காட்சியுமே முதல் மூன்று திருவந்தாதிகள். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தில் உள்ள பெரும்பாலான பாட்டுகளுக்கும் முந்தியவை இவை. மூன்றாவதைப் பாடிய பேயாழ்வார்தான் எங்கள் திருமழிசையாழ்வாரின் குரு.

இந்தக் கதையில் நெருக்கடியைப் புகழ ஒன்றுமில்லை. அதே இடைகழியில் பொய்கையார் கதவைத் திறக்காமல் படுத்திருந்தால் மழையும் இருட்டும் அப்படியேதான் இருந்திருக்கும். பெருமாள் வந்திருக்க மாட்டார். படுத்தவர் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் நின்றார். தன் வசதியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்த இடத்தில்தான் நான்காமவர் நுழைந்தார். கஷ்டம் தன்னால் புண்ணியம் ஆவதில்லை. கஷ்டத்தில் இருந்துகொண்டே இன்னொருவருக்கு ஒதுங்கிக் கொடுக்கும்போதுதான் அதற்குள் ஏதோ நடக்கிறது. இதை அத்தையிடம் சொன்னபோது, "அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார். அவர் நம்பிக்கையின் அடியில் இருந்ததும் இதுதானோ என்னவோ.

என் வீட்டுக்காரர் பக்கத்து நியாயம் இன்னும் பாக்கி இருக்கிறது. எல்லாவற்றையும் சாமி சோதனை என்று சொல்லிவிட்டால், சொன்ன அறையை வேறொருவருக்குக் கொடுத்தவர் சாமியின் ஏவலாள் ஆகிவிடுவார். அவர் செய்தது தப்பில்லை என்று ஆகிவிடும். எங்கள் ஆழ்வாரின் வாழ்க்கை இதை ஒப்புக்கொள்ளவில்லை.

காஞ்சிபுரத்தில் அவர் சீடர் கணிகண்ணன். ஆழ்வார் அருளால் ஒரு கிழவி இளமை பெற்றாள் என்று கேள்விப்பட்ட பல்லவ மன்னன், தனக்கும் அப்படி ஆக வேண்டும், தன்னைப் பற்றி ஆழ்வார் பாட வேண்டும் என்று கணிகண்ணனிடம் கேட்டான். முடியாது என்றதும் ஊரை விட்டுப் போகச் சொன்னான். சீடன் போனால் நானும் போகிறேன் என்று கிளம்பிய ஆழ்வார், அந்த ஊரிலேயே உள்ள திருவெஃகாக் கோயில் பெருமாளிடம் வந்து, நீயும் உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொள் என்றார். பெருமாள் எழுந்து பின்னாலேயே போனார். அன்று இரவு அவர்கள் தங்கிய ஊர்தான் காஞ்சிக்கு அருகே பாலாற்றங்கரையில் உள்ள ஓரிருக்கை. காஞ்சி இருண்டது. மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்ட பிறகு மூவரும் திரும்பினார்கள். சொன்னபடி எழுந்து போய், சொன்னபடி திரும்பிவந்து படுத்ததால் அவர் சொன்னவண்ணம் செய்த பெருமாள். போய் வந்ததற்கு அடையாளமாக, வழக்கத்துக்கு மாறாகத் தலையும் காலும் திசை மாறிப் படுத்திருக்கிறார்.

ஒருவரை ஊரை விட்டு அனுப்பியபோது கடவுள் கோயிலுக்குள் இருந்துகொண்டு, உன்னைச் சோதித்தேன் என்று சொல்லவில்லை. படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினவரோடு கிளம்பிவிட்டார். வெளியே நிறுத்தப்படுகிறவர் பக்கத்தில்தான் அவருக்கு இடம். ஆழ்வாருக்கு இது கேள்விப்பட்ட சேதி இல்லை, பட்டுத் தெரிந்தது. பிறந்த உடனே பிரம்புப் புதரில் விடப்பட்டு, பிரம்பு அறுக்கும் திருவாளன் கையில் வளர்ந்தவர் அவர். பெரும்புலியூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் அவர் உட்கார்ந்தபோது, இவர் காதில் விழக்கூடாது என்று உள்ளே வேதம் ஓதினவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அவர் எழுந்து விலகினார். அவர்களுக்கோ நிறுத்திய இடம் மறந்துவிட்டது. கருநெல்லை நகத்தால் கீறி அந்த இடத்தை அவரே நினைவூட்டினார். அந்த ஊர்க் கோயில் பெருமாள் இவர் போன பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பினார் என்கிறது குருபரம்பரைக் கதை. இன்றைக்கும் பெயரைக் கேட்டு, முகத்தைப் பார்த்து, இடமில்லை என்று சொல்லும் வாசல்கள் இருக்கின்றன. பெருமாள் முகம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பதை நம் ஊர்கள் வெறும் வியாபாரமாக வைத்திருந்ததில்லை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய அதிகாரிக்குத் தன் நாட்டுச் சத்திரங்களைப் பற்றி எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. எந்தச் சாதியாராக இருந்தாலும் பயணிகளுக்குச் சோறு உண்டு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் சாமானும் உண்டு. நடு இரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள். நோயாளிக்கு வைத்தியர், வழியில் இறந்தவருக்கு ஈமச்சடங்கு, பெற்றவரை இழந்த பிள்ளைக்கு ஆதரவு என்று அந்தப் பட்டியல் போகிறது. எனக்கு அந்த நடு இரவு மணிதான் மனதில் நிற்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்த எங்களைப் பார்த்து "லேட்டா வந்தீங்க" என்று சொன்ன அதே காவிரிப் பக்கத்தில், தாமதமாக வருகிறவருக்கென்றே ஒரு மணி அடித்துக்கொண்டிருந்தது.

சத்திரத்துக் காலம் திரும்பாது. லாட்ஜ் நடத்துகிறவரும் பிழைக்க வேண்டும். ஆனால் வாடகை வாங்குவதால் அந்தத் தர்மம் கழிந்துபோவதில்லை. சொன்ன அறையைக் காத்து வைப்பது, வயதானவருக்குக் கீழே இடம் தருவது, குழாயில் தண்ணீர் விடுவது எல்லாம் அதில் சேர்த்திதான். அதனால் மறுநாள் என் வீட்டுக்காரர் வரவேற்பில் நின்று, ஒரு அறைக்கான பணத்தைக் குரல் உயர்த்தாமல் திருப்பிக் கேட்டபோது நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். இழுத்தடித்துக் கொடுத்தார்கள். அதைக் கேட்டு வாங்கியது பக்திக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. நம்மைப்போல் அடுத்து வரும் குடும்பத்துக்காகவும் அதைக் கேட்கத்தான் வேண்டும்.

எங்கள் ஊரே ஒரு காலத்தில் இடம் கொடுக்கும் பக்கத்தில் இருந்தது. 2020 மே மாதம், கொரோனா பரவிய நேரத்தில், கோயம்பேடு காய்கறிச் சந்தையைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். செப்டம்பர் வரை இங்கேதான் நடந்தது. மழை பெய்தால் சந்தை முழுக்கச் சேறு. எங்கெங்கிருந்தோ வந்த லாரி டிரைவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் கிடைத்த இடத்தில் படுத்துக் கிடந்தார்கள். எல்லோருக்கும் பயம், எனக்கும் இருந்தது. அத்தை மட்டும் தினமும் விடிகாலையில் ஒரு குடம் தண்ணீரை வாசலில் வைத்து மூடிவிட்டு உள்ளே வருவார். யார் குடித்தார்கள் என்று அவர் எட்டிப் பார்த்ததில்லை.

வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தை முடிக்கும்போது, உயிர் இந்த உடம்பில் ஒண்டுக்குடித்தனம் இருப்பதாகச் சொல்கிறார். நிலையான வீடு அதற்கு இன்னும் அமையவில்லையோ என்று கேட்கிறார். அப்படிப் பார்த்தால் லாட்ஜ் முதலாளி, கல்யாண வீட்டார், நாங்கள் என்று எல்லோருமே வந்து தங்கிப் போகிறவர்கள்தான். வசதியான அறை கேட்பதில் தப்பில்லை. நான் இனியும் கீழ்த்தளத்தில்தான் கேட்பேன், கிடைக்காவிட்டால் பேசுவேன். ஆனால் கிளம்பும்போது, வழியில் ஒரு தடங்கலும் வரக்கூடாது என்று மட்டும் வேண்டிக்கொள்வதில்லை. தடங்கல் வந்தால் எங்களில் யாராவது ஒருவருக்காவது முதலில் அடுத்தவர் காலைப் பற்றி நினைப்பு வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அந்த நினைப்பு வந்த இடத்தில் நான்காமவருக்கும் இடம் உண்டு என்பதை நான் நம்புகிறேன்.