ஒற்றைப்படை எண்ணில் நின்றவர்கள்

மருத்துவ ஆராய்ச்சி மனித குலத்திற்கு நன்மை பயக்கிறது என்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால் அந்நன்மைக்காக ஒருவனுடைய உடலை அவனைக் கேளாமலே பயன்படுத்தலாமா என்னும் வினாவிற்கு விடை கூறுவது அத்துணை எளிதன்று. இதனை ஆராய நாம் அயல்நாடு எதற்கும் செல்ல வேண்டியதில்லை. நம் கோலாலம்பூரிலேயே 1905ஆம் ஆண்டின் இறுதியில் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று தொடங்கிற்று.

அக்காலத்தில் மலாய் நாட்டு ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரைப் பெரிபெரி என்னும் நோய் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. கால்கள் மரத்துப்போகும், வீங்கும், நடை தளரும், முடிவில் இதயம் நின்றுவிடும். அதே நாட்டில் உழைத்த தமிழரை அந்நோய் அரிதாகவே தீண்டியது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இவ்வேறுபாட்டைக் கண்டார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே ஊறித் தங்கிவிடுகிறது என்பதை இன்று நாம் அறிவோம். நம் பாட்டிமார் இதை அறிந்தா அவித்தார்கள்? பழக்கம் காத்தது, அவ்வளவே.

பிராடனின் கருத்தைப் பலர் ஏற்கவில்லை. வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் அதைச் சோதிக்க முற்பட்டார். கோலாலம்பூர் மனநோயர் காப்பகத்தில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண் பெற்றவர்களுக்குச் சயாமியப் பச்சரிசி. இரட்டைப்படை எண் பெற்றவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. நோய்க்குக் காரணம் கட்டடமோ என்ற ஐயம் எழாதிருக்க, இடையில் இரு பிரிவினரின் இருப்பிடங்களையும் மாற்றினார். ஓராண்டு கழிந்தது. பச்சரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டோரில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. 1907இல் இம்முடிவு 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது.

பிளெட்சரைக் கொடியவர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் எவருக்கும் நஞ்சூட்டவில்லை. நாட்டில் பல்லாயிரவர் நாள்தோறும் உண்ட அரிசியையே அளித்தார். எது நன்று என்று உண்மையாகவே தெரியாத வரையில் மக்களை இரு பிரிவாக்கிப் பார்ப்பது குற்றமாகாது. தெரியாமலே எல்லாருக்கும் ஒரே சோற்றைப் படைப்பது அதனினும் தீங்கன்றோ!

எனினும் என் நெஞ்சை உறுத்துவன இரண்டு. காப்பகத்தார் வெளியே சென்று வேறு உணவு உண்ண இயலாதவர்கள். அதுவே ஆராய்ச்சிக்கு வாய்ப்பாயிற்று. அவர்களுடைய சிறையே அவர்களுடைய தகுதி! ஆய்வுக்கு உட்படுபவனின் இசைவு வேண்டும் என்பதை 1947இல் நூரம்பெர்க் நெறியும் 1964இல் ஹெல்சிங்கி அறிக்கையும் வற்புறுத்தின. பின்னர் வந்த விதியைக் கொண்டு முன்னவரை எடைபோடலாகாது என்பர். ஆனால் பிறன் உடலைத் தொடுமுன் அவனைக் கேட்பதற்கு நூரம்பெர்க் வரை காத்திருக்க வேண்டுமா, என்ன?

மற்றொன்று, ஐயம் எப்போது தீர்ந்தது என்பது. முதற் சாவிலா, ஐந்தாவதிலா, பத்தாவதிலா? ஐயம் தீர்ந்த மறுநாளே பச்சரிசி மனமறிந்து இழைக்கும் தீங்காகிவிடுகிறது. இந்நாளில் பெரும் ஆய்வுகளில் இதற்கெனத் தனிக்குழு ஒன்று இடையிடையே கணக்கைப் பார்த்து, தேவையாயின் ஆய்வை நிறுத்தச் சொல்கிறது. பதினெட்டாம் மனிதன் இறக்குமுன்பே பிளெட்சரின் ஐயம் தீர்ந்திருக்க வேண்டும் என்றே நான் எண்ணுகிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஒருநாள் இதனைக் கூறினேன். "இடையில் நிறுத்தியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், ஐயா. சுரங்கத்தில் இன்னும் எத்தனையோ பேர் செத்திருப்பார்களே" என்றான் ஒருவன். அவன் வாதத்தில் வலு இருந்தது. அந்த விலையை அடைபட்டுக் கிடந்தவர்கள் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். வகுப்பு இரண்டுபட்டது, மறுநாளும் வாதம் ஓயவில்லை.