அரசாங்க வீடும் ஒரு கையெழுத்தும்

 

சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு சகோதரர் வந்து உட்கார்ந்தார். "ஹஜ்ரத், பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் மனுப் போடப் போகிறேன். வட்டி மானியம் வாங்கலாமா?" என்று கேட்டார்.

நகரங்களுக்கான இந்தத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024இல் தொடங்கியது. வீட்டுக் கடன் வாங்குகிறவருக்கு முதல் 8 லட்சத்தின் மேல் 4 சதவீத வட்டியை அரசு ஏற்கும் பிரிவு ஒன்று அதில் உண்டு. அதிகபட்சம் 1.80 லட்சம் கிடைக்கும். மீதி வட்டியை நாம்தானே கட்ட வேண்டும்? அந்த வாசல் நமக்கு வேண்டாம் என்றேன். ஆனால் அதே திட்டத்தில், வருட வருமானம் 3 லட்சத்துக்குள் இருப்பவர் சொந்த மனையில் தானே வீடு கட்டிக்கொள்ள உதவித்தொகை தரும் பிரிவும் இருக்கிறது. நம் மாநிலத்துக்கு மத்திய அரசின் பங்கு வீட்டுக்கு 1.50 லட்சம். அதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை, வட்டியும் இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"உறுதிமொழியைப் படித்தீர்களா?" என்று கேட்டேன். "அது எல்லாரும் போடுகிற கையெழுத்துதானே ஹஜ்ரத்" என்றார்.

வட்டியைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் நிறைய. அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கேட்டவர் இதுவரை ஒருவரும் இல்லை. கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு இல்லை என்று அதில் எழுதிக் கொடுக்கிறோம். இவருக்கு ஊரில் அத்தா கட்டிய மாடி வீடு இருக்கிறது. அத்தா மவுத்தாகி ஆறு வருடம் ஆகிறது. பத்திரம் இன்னும் அத்தா பெயரில்தான். "என் பெயரில் இல்லையே" என்றார்.

சகோதரர்களே, மய்யித்தின் கடனும் வஸிய்யத்தும் போக மீதமுள்ள சொத்து மவுத்தோடு வாரிசுகளுக்கு உரியதாகிவிடுகிறது. பத்திரம் மாறும் வரை அது காத்திருப்பதில்லை. வாரிசுரிமையில் நமக்கு ஷரீஅத்தே பொருந்தும் என்று 1937ஆம் ஆண்டின் சட்டமும் சொல்கிறது. அவருடைய பங்கு எவ்வளவு, அதை ஒரு வீடு என்று கணக்கில் எடுப்பார்களா என்பது அதிகாரி தீர்மானிக்க வேண்டிய விஷயம். ஒருவேளை அந்தப் பங்கு இருந்தும் அவருக்கு உதவி கிடைக்கலாம். ஆனால் அதைச் சொல்லிவிட்டல்லவா கேட்க வேண்டும்? (ஆறு வருடமாகப் பாகம் பிரிக்காமல், அக்கா தங்கைகளின் பங்கை நிறுத்தி வைத்திருப்பது தனிக் கதை. அதை இன்னொரு ஜும்ஆவில் பேசுவோம்.)

"அரசாங்கப் பணம்தானே" என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் நூறு ரூபாயை எடுத்தால், அவர் காலைப் பிடித்தாவது ஹலாலாக்கிக் கொள்ளலாம். பொதுப் பணத்தை எடுத்தவர் எத்தனை கோடி வாசல்களில் போய் மன்னிப்புக் கேட்பார்?

கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில், நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் பணியாளர் மித்அம் எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு இறந்தார். அவருக்குச் சொர்க்கம் என்று மக்கள் வாழ்த்தினார்கள். நபியவர்கள் மறுத்தார்கள். பங்கிடுவதற்கு முன்னால் அவர் எடுத்த ஒரு போர்வை, அவர் மீது நெருப்பாக எரிவதாகச் சொன்னார்கள். அதைக் கேட்ட ஒரு மனிதர் ஓடிப்போய், தான் எடுத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மனிதருக்கு ஒரு வசதி இருந்தது. படை இன்னும் கலையவில்லை. திருப்பிக் கொடுக்க ஆள் இருந்தது. படை கலைந்த பிறகு தவ்பா செய்பவர் பொருளை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடே உண்டு.

இங்கே பறிபோவது பணம் மட்டுமல்ல, ஓர் இடமும்தான். தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் குடிசைக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்ட 3.50 லட்சம் தருகிறார்கள். 2024-25க்கு இலக்கு 1 லட்சம் வீடுகள். எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. மாடி வீட்டுக்காரர் பெயர் உள்ளே போனால், மழைக்குத் தார்ப்பாய் கட்டும் ஒருவர் பெயர் வெளியே போகிறது. அவர் விதவையாக இருக்கலாம். இதே மஹல்லாவாகவும் இருக்கலாம்.

அந்தச் சகோதரர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை நகராட்சிக்குப் போய், ஊர் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு, தகுதி இருக்கிறதா என்று கேட்டு வருவதாகச் சொன்னார். அவருக்கும், அந்தப் பட்டியலில் காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் நல்ல வீட்டைத் தருவானாக! ஆமீன்.