கடனா, அமானிதமா?

பேராசையால் பொருளை இழந்தவனுக்கு நீதி கேட்கும் உரிமை உண்டா? ஏமாந்தோர் வழக்காடப் புறப்படும்போதெல்லாம் உலகம் இவ்வினாவையே முதலில் எழுப்புகிறது. அதற்கு அஞ்சி வாய்மூடிக் கிடப்போர் பலர்.

அமெரிக்காவின் செல்சியஸ் நிறுவனத்தை எண்ணிப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டில் தோன்றிய அது, மக்களின் கிரிப்டோ நாணயங்களை வாங்கி வைத்து, ஆண்டுக்கு 17 விழுக்காடு வரை வட்டி தருவதாகக் கூறியது. வங்கிகளை நம்பாதீர், எம்மை நம்புங்கள் என்பதே அதன் தலைவர் அலெக்ஸ் மஷின்ஸ்கி பேசிவந்த பேச்சின் சாரம். 2022 ஜூன் 12ஆம் நாள் பணம் எடுக்கும் வழி அடைபட்டது. ஜூலை 13ஆம் நாள் நிறுவனம் நியூயார்க் திவால் நீதிமன்றத்தைச் சரணடைந்தது. வாழ்நாள் சேமிப்பை இழந்தோர் பலர் நீதிபதி மார்ட்டின் கிளென்னுக்கு நேரே கடிதம் எழுதினர்.

2023 ஜனவரி 4ஆம் நாள் தீர்ப்பு வந்தது. வட்டிக் கணக்குகள் ஏறத்தாழ 6 லட்சம்; அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 420 கோடி டாலர். அந்நாணயங்கள் யாவும் நிறுவனத்துக்கே உரியன என்றார் நீதிபதி. சேரும்போது ஒப்புக்கொண்ட விதிகளில், உரிமையை மாற்றித் தருவதாகத் தெளிவாக எழுதியிருந்தது. அமானிதம் வைத்ததாக எண்ணியவர்கள் உண்மையில் கடன் கொடுத்திருந்தனர். அமானிதப் பொருள் வைத்தவனுக்கே உரியது. கடன் கொடுத்தவனோ, வாங்கியவன் நொடித்தால் ஏனையோருடன் வரிசையில் நிற்க வேண்டியவன். இத்தீர்ப்பு கடுமையானது, ஆயினும் படிக்காமல் இசைவதும் இசைவே என்பதை நாம் மறுக்க இயலாது.

அவ்வாறாயின் முறையிட ஏதும் இல்லையா? உண்டு. சந்தை விழுந்ததால் நேர்ந்த இழப்பு ஒன்று. பொய்யால் நேர்ந்த இழப்பு வேறொன்று. முன்னதை ஆதாயம் தேடியவன் தாங்கத்தான் வேண்டும். பின்னதை அவன் தலையில் கட்டுவது அநீதி. வாடிக்கையாளரை ஏய்த்த குற்றத்தை மஷின்ஸ்கி 2024 டிசம்பரில் ஒப்புக்கொண்டார். 2025 மே மாதம் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஆசைப்பட்டவன் என்பதற்காக ஒருவன் திருடப்படத் தக்கவன் ஆகிவிடுவதில்லை.

நீதி கேட்போர் எண்ண வேண்டியது இன்னொன்றும் உண்டு. வீழ்ச்சிக்கு முந்திய 90 நாள்களில் பெருந்தொகையை எடுத்துக்கொண்டோரிடம் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டனர். “எமது விழிப்பால் தப்பினோம், எம்மை ஏன் வருத்துகிறீர்?” என்று அவர்கள் கேட்டால் அதில் பொருளில்லாமல் இல்லை. எனினும், எல்லோருக்கும் போதாத பாத்திரத்திலிருந்து ஒருவன் தன் பங்கை முழுதாக எடுத்தபோது, பின்வந்தோரின் பங்கு குறைந்தது. ஆதலின் நீதி என்பது தன் இழப்பை மீட்பதோடு முடிவதில்லை. இழப்பை ஒக்கப் பகிர்வதும் அதுவே. தனக்கு முழுதும் வேண்டும், பிறர் எக்கேடும் கெடட்டும் என்று வழக்காடுபவன், தன்னை ஏமாற்றியவனின் வழியிலேயே நடக்கிறான்.

2024 தொடக்கத்தில் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட மதிப்பைப் பகிர்ந்தளிக்கும் பணி தொடங்கியது. இழந்தது முழுவதும் எல்லோருக்கும் மீளவில்லை. ஆயினும் மறைத்த கணக்குகள் வெளிச்சத்துக்கு வந்தன; சொன்ன பொய்கள் ஏட்டில் பதிவாயின. ஏமாந்தவன் வெட்கி ஒதுங்கினால், அந்த வெட்கமே அடுத்த மோசடிக்கு முதலாகிறது. எனவே வழக்காடுவது அவனுக்கு உரிமை. அண்டை வீட்டானுக்கு அவன் ஆற்றும் கடமையும் அதுவே.